பானட்டைத் திறந்தால்...

கேள்வி: அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சரிசெய்து ஓடவைக்கப் பார்க்கிறேன். என்ஜின் அறைக்குச் சொரசொரப்பான கறுப்பு டெக்ஸ்சர் பெயின்ட் அடிக்கலாமா? – சென்னை வாசகர்

பதில்: வேண்டாம். ஹெரால்டின் பானட் மட்கார்டையும் ஹெட்லைட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகக் கவிழும். மற்ற கார்களில் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டிய என்ஜின், இதில் சக்கரம் உட்பட முழுசாகத் தெரியும். 1961-லிருந்து உங்கள் சென்னையில் தயாரான வண்டி அது. வெளியே என்ன நிறமோ, ஃபயர்வாலுக்கும் பானட்டின் உட்புறத்துக்கும் அதே நிறத்தை வழவழப்பாகவே கொடுங்கள். டெக்ஸ்சர் ஆசை விடவில்லையென்றால் டேப்பட் கவர், ஏர் ஃபில்டர் டப்பா இரண்டையும் கழற்றி வைத்து அவற்றுக்கு மட்டும் அடியுங்கள். நாளை மனம் மாறினால் சுரண்டிவிடலாம். ஃபயர்வாலில் அது நடக்காது.

கேள்வி: அப்படியானால் டெக்ஸ்சர் எந்த வண்டிக்குத்தான்? – ஓசூர் வாசகர்

பதில்: சேற்றிலும் கல்லிலும் உழைக்கிற ஜீப்புக்கும் பிக்கப்புக்கும். ஸ்பேனர் நழுவி விழுந்தாலும் கல் தெறித்தாலும் தாங்கும்.

கேள்வி: கடையில் ஹேமர்டோன் என்கிறார்கள், ரிங்கிள் என்கிறார்கள், பெட்லைனர் என்கிறார்கள். எது எதற்கு? – ஈரோடு வாசகர்

பதில்: ஹேமர்டோனை லேத் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பள்ளம் போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் மினுங்கும். அலுமினியத் துகளும் கொஞ்சம் சிலிகானும் செய்யும் வேலை அது. பேட்டரி தட்டு, பிராக்கெட் போன்றவற்றுக்கு அழகு. ஆனால் சிலிகான் ஒட்டிய ஸ்ப்ரே கன்னால் அடுத்த வண்டிக்குச் சாதா பெயின்ட் அடித்தால் மீன் கண் போலக் குழி விழும். அதற்கென்று தனிக் கன் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரிங்கிள் என்றால் மேற்பரப்பு சுருங்கி மடிந்து நிற்கும். டேப்பட் கவருக்கென்றே பிறந்த பெயின்ட். 1995-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆரின் சிவப்பு டேப்பட் கவரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பெட்லைனர், பிக்கப் வண்டிகளின் சரக்குத் தொட்டிக்காக வந்த தடித்த யூரித்தேன். மூன்றிலும் முரட்டு ஆசாமி இவர்தான். என்ஜின் அறைக்கு அடிப்பதானால் மணி சிறியதாக வரட்டும். கம்ப்ரஸரின் அழுத்தத்தைக் கூட்டினால் மணி சிறுக்கும், குறைத்தால் பருக்கும். பெரிய மணிக்கு நடுவே ஆயிலும் தூசியும் சேர்ந்து உறைந்துவிட்டால் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

கேள்வி: ரிங்கிள் பெயின்ட் தானாக எப்படிச் சுருங்குகிறது? – திருச்சி வாசகி, பத்தாம் வகுப்பு

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு ஒரு சபாஷ். காய்ச்சிய பாலில் ஆடை படர்ந்ததும் ஸ்பூனால் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள். மேலே இருப்பது மடிப்பு மடிப்பாகக் குவியும், கீழே பால் திரவமாகவே இருக்கும். இங்கும் அதேதான். பெயின்டின் மேல் பகுதி காற்றுப்பட்டு முதலில் காய்ந்து தோலாகிறது. அடிப்பகுதி இன்னும் ஈரம். காயும் தோல் விரிய இடமில்லாமல் மடிகிறது, அந்த மடிப்போடு முழுதும் இறுகிவிடுகிறது. சீனத்து டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் இப்படி மேலே மட்டும் வேகமாகக் காயும் குணம் கொண்டது. பழைய ரிங்கிள் பெயின்ட்கள் அதை வைத்தே செய்யப்பட்டன. தகட்டில் இருக்கும் சின்னச் சின்னக் கீறலை ஒரே கோட்டில் மறைத்துவிடும் என்பதால் டைப்ரைட்டர், ரேடியோ, ஆய்வுக்கூடக் கருவி என்று எல்லாவற்றிலும் ஏறியது. இதில் புரண்ட பணம் கொஞ்சமல்ல. அமெரிக்காவில் இதன் காப்புரிமைகளை ஒன்றாகத் திரட்டிய 'நியூ ரிங்கிள்' என்ற நிறுவனம், உரிமம் வாங்கியவர்கள் என்ன விலைக்குக் குறையாமல் விற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காப்புரிமையைச் சாக்கிட்டு எல்லோரும் கூடி விலை நிர்ணயிப்பது செல்லாது என்று 1952-ல் தீர்ப்பு வந்தது.

கேள்வி: "டெக்ஸ்சர் அடித்தால் பட்டி பார்க்க வேண்டாம், துருவும் தெரியாது" என்கிறார் பெயின்டர். உண்மையா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: உண்மை. அதனால்தான் பயப்படுங்கள். பட்டி மிச்சம் என்பது லாபம். துரு தெரியாது என்பது உங்களுக்கு வைக்கப்படும் வேட்டு. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குப் பேட்டரி தட்டின் அடியும் ஃபயர்வாலின் தையல் ஓரமும்தான் முதல் பலி. அங்கே துருவை விட்டுவிட்டு மேலே தடித்த பெயின்டை ஏற்றினால், ஓரத்து வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. சாதா பெயின்டாக இருந்தால் கொப்புளம் கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். சொரசொரப்பில் கொப்புளம் எது, மணி எது என்று யாருக்கும் தெரியாது. விரல் வைத்து அழுத்தும்போது தகடு உள்வாங்கினால்தான் தெரியும்.

ஆகவே வரிசை இதுதான். டீசலோ டீகிரீசரோ போட்டுக் கழுவி, பிசுக்கு மிச்சமில்லாமல் துடையுங்கள். பேட்டரி ஆசிட் சிந்திய இடத்தை ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். ஒயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு வெற்றுத் தகடு தெரியும்வரை தேயுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங், டிங்கரிங். அப்புறம் பிரைமர். இத்தனையும் முடிந்த பிறகு வண்டியைப் போய் உங்கள் கண்ணால் பாருங்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்சர் அதற்குப் பிறகுதான். வேலை தெரிந்த பெயின்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். பிரைமர் நிலையில் தன் வேலையைக் காட்டுவதில் அவருக்கும் பெருமைதான்.

கேள்வி: ஃபயர்வாலில் ஏதோ நம்பர் பொறித்திருக்கிறது. அதன் மேலும் அடித்துவிடலாமா? – சேலம் வாசகர்

பதில்: தொடாதீர்கள்! சேஸிஸ் நம்பராக இருக்கும். பெயர் மாற்றத்துக்குப் போகும்போது தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அதைப் பிரதி எடுப்பார்கள். டெக்ஸ்சர் ஏறியிருந்தால் தாளில் மணல்தான் விழும். நம்பரை மறைத்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். மாஸ்கிங் டேப் முதலில் அங்கே ஒட்டட்டும்.

கேள்வி: பெட்லைனர் அடித்து எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. இப்போது ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, ஹெட்லைட் மங்கல். பேட்டரி புதிது. – கோவை வாசகர்

பதில்: எர்த். ஸ்ட்ராப் உட்காரும் இடத்திலும் பெயின்டை ஏற்றியிருப்பீர்கள். காசு அகலத்துக்குச் சுரண்டி வெற்றுத் தகட்டில் முறுக்குங்கள். முறுக்கியபின் மேலே வாஸ்லின் தடவினால் துரு ஏறாது.

கேள்வி: பிரேக் ஆயில் சிந்திப் பெயின்ட் உரிகிறது. டெக்ஸ்சர் தாங்குமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: ஸ்ப்ரே டப்பா பெயின்ட் தாங்காது. ஹார்டனர் கலந்த 2கே ஓரளவு தாங்கும். இரண்டிலும் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதே வழி. மாஸ்டர் சிலிண்டர் கசிகிறதா என்பதை முதலில் பாருங்கள். அது பெயின்ட் பிரச்சினை அல்ல, பிரேக் பிரச்சினை.

கேள்வி: அதே பெயின்டைச் சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் அடிக்கலாமா? – வேலூர் வாசகர்

பதில்: கருகிப் புகையும். அதற்கென்று விற்கும் உயர்வெப்பப் பெயின்ட் வேறு.

கேள்வி: எங்கள் பட்டறையில் தம்பி மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டுதான் 2கே அடிக்கிறான். இருபது வருடமாக இப்படித்தானே நடக்கிறது? – மதுரை, பட்டறை உரிமையாளர்

பதில்: அண்ணே, இன்றோடு நிறுத்துங்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழல் அதை ஒருமுறை பகையாக எடுத்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா போல இழுக்கும். பெரும்பாலும் அந்தத் தொழிலையே விட வேண்டி வரும். ஆபத்தான அளவில் இருந்தாலும் வாசனை வந்து எச்சரிக்காது. கர்சீப் இதில் எதையும் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே முகமூடிக்குள் அனுப்பும் அமைப்புதான் முறை. தோல் வழியாகவும் பாதிக்கும் என்பதால் கையுறை, முழுக்கை உடுப்பு, கண்ணாடி. அடிக்கும்போதும் அடித்து முடித்த சற்று நேரத்துக்கும் பட்டறைக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது, டீ கொண்டுவரும் பையன் உட்பட. இந்த வசதி இல்லாத இடத்தில் 2கே வேலையை எடுக்காதீர்கள். இருபது வருடத்தில் தொழிலை விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: டேப்பட் கவரில் பாதி ரிங்கிள் வந்தது, பாதி வழுவழு என்று நிற்கிறது. மேலே இன்னொரு கோட் அடிக்கவா? – புதுச்சேரி வாசகர்

பதில்: காய்ந்த பிறகு ஒட்டுப்போட்டால் மடிப்புச் சேராது. பெயின்ட் இன்னும் பச்சையாக இருந்தால் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து வாட்டுங்கள், சிலசமயம் சுருக்கம் எழும். காய்ந்துவிட்டால் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாதியில் கோட் மெல்லியதாக விழுந்திருக்கும், அல்லது மழை நாளில் கவர் சில்லென்று இருந்திருக்கும். வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், கை பொறுக்காத சூடு ஆகாது. முதல் கோட் குறுக்காக, இரண்டாவது நெடுக்காக, மூன்றாவது சாய்வாக, மூன்றையும் கனமாக அடியுங்கள். நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது டப்பாவில் இருக்கும், அதை மீறாதீர்கள். கவரைச் சாய்த்து நிறுத்தாமல் தரையில் படுக்கவைத்து அடித்தால் கனமான கோட் வழியாது.