மேல்சித்தாமூரிலிருந்து விமானம் ஏறுவது எப்படி?

பெங்களூருக்குப் பறந்தேதான் போவேன் என்று முடிவு கட்டிவிட்டீர்களா? நல்லது. பெட்டி கட்டுவதற்கு முன்னால், செஞ்சிப் பக்கத்து நம் ஊருக்குக் கிட்டே இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்துக்கு இந்த வருஷம் விமானம் வருகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டடம் லாஸ்பேட்டையை விட்டு எங்கும் போகாது. விமானம்தான் போய்விடும். 2013 ஜனவரியில் வந்தது, அடுத்த வருஷம் நின்றது. 2015இல் வேறொன்று வந்து அதே வருஷம் நின்றது. 2017இல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி வந்தது. கொரோனாவில் நின்று, 2022இல் திரும்பி, 2024 மார்ச்சில் நின்றது. அந்த டிசம்பரில் இண்டிகோ வந்தது. செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் எட்டு வருஷம் காத்துக் கிடந்த பூமி இது. உங்களால் முடியாதா?

வருவதும் காற்றாடி வைத்த சின்ன ஏடிஆர் விமானம்தான். ஓடுபாதை ஒன்றரை கிலோமீட்டர். பெரிய விமானத்துக்குப் போதாது. நீட்டலாம் என்றால் நிலம் தமிழ்நாட்டுப் பக்கம், நம் விழுப்புரம் மாவட்டத்தில் கிடக்கிறது. ஆக, விமான நிலையம் புதுச்சேரிக்காரர்களுடையது, அதன் மிச்சம் நம்முடையது.

கிளம்பும் நாளில் மெயின் ரோட்டுக்கு வந்து திண்டிவனம் பஸ் ஏறுங்கள். பெங்களூர் மேற்கே இருக்கிறது, நீங்கள் கிழக்கே போகிறீர்கள், பதற வேண்டாம். வழியில் எதிரே ஒரு பஸ் வரும். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகப் போகிற பெங்களூர் பஸ். பார்க்காதீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மனசு கேட்காது, நடு சீட்டே உத்தமம்.

திண்டிவனத்தில் மாறி, புதுச்சேரிக்குள் ராஜீவ் காந்தி சிலையருகே இறங்கி ஆட்டோ பிடியுங்கள். கட்டணத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேதான் போகும்.

பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத நம் ஊர்ச் சமணர்களான நயினார் வீட்டுக்காரர்களுக்குத் தனிக் குறிப்பு: மாலை விமானமானால் பொழுதிருக்கவே சாப்பிட்டுவிடுங்கள். மேலே போனால் சூரியன் சில நிமிஷம் தாமதித்து மறையும் என்பது உண்மைதான். அதை வைத்துக் கூடுதலாக ஒரு வாய் சாப்பிடலாமா என்று மட்டும் நம் ஊர்ச் சமண மடத்தில் போய்க் கேட்காதீர்கள். கால்நடையாகவே தேசம் சுற்றும் முனிவர்களைப் பார்த்த இடம் அது.

ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி. அங்கிருந்து ஊருக்குள் போக இன்னொரு பஸ். நெரிசலில் நிற்கும்போது பக்கத்தில் ஏதாவது தமிழ்நாட்டு பஸ் வந்து நின்றால், தலையைக் குனிந்து செல்போனைப் பாருங்கள்.