சண்டை வராத சர்ச்சை

பிளஸ் ஒன் படிக்கும் என் மகளைப் பள்ளியில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். தலைப்பு கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், சர்ச்சைக்குரியதாகவும் இருக்க வேண்டும், இரண்டு தரப்பையும் எழுத வேண்டும். கடைசியில் பேனாவால் ஒரு வரி: 'அரசியல், சாதி, மதம் வேண்டாம்.' இந்த மூன்றையும் கழித்துவிட்டால் நம் ஊரில் சண்டை போட மிஞ்சுவது, கல்யாணத்தில் முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்பது ஒன்றுதான். அதற்குள்ளும் இந்த மூன்றும் இருக்கின்றன.

அவள் முதலில் எடுத்தது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அருமையான விஷயம். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அந்த மெஷின் உருவாக உழைத்தவர் நம் எழுத்தாளர் சுஜாதா, அதனால் தமிழ் ஐயாவும் மகிழ்வார். கதையும் ஜோர். 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக மெஷினை வைத்தார்கள். வேட்பாளர் சிவன் பிள்ளை மெஷினே கூடாதென்று தேர்தலுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போனார், பலிக்கவில்லை. தேர்தலில் 123 ஓட்டில் ஜெயித்தது அவர்தான்! உடனே, தோற்ற ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். மெஷினில் ஓட்டுப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, அந்த 50 சாவடிகளில் மறுபடி சீட்டில் குத்தினார்கள். ஜோஸ் ஜெயித்தார்.

"இதுல அரசியல் எங்க இருக்கு? எல்லாம் மெஷினு, கோர்ட்டு" என்றேன். என் அப்பா தறியிலிருந்தே குரல் கொடுத்தார்: "நம்ம கட்சி தோத்த எலெக்‌ஷன்ல எல்லாம் மெஷினு ரிப்பேரு. அதையும் சேத்து எழுதும்மா." தலைப்பு அங்கேயே செத்தது.

அடுத்தது தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் எந்தக் குறிமுறையில் ஏற்றுவது என்ற சண்டை. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடு, டேஸ்-16 இரண்டையுமே ஏற்றுக்கொண்டு அரசாணை வந்துவிட்டது. இரண்டு தரப்பையும் அரசே எழுதி முடித்த பிறகு என் மகளுக்கு என்ன வேலை? மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் கட்டுரை எழுதி வாங்கலாமா என்பதை வகுப்பில் பலர் எடுத்திருந்தார்கள். இரண்டு தரப்பையும் அதுவே எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி.

கம்ப்யூட்டரால் வேலை போகுமா என்பதை எடுக்கச் சொன்னேன். பழைய சண்டை அது. 1960களில் எல்.ஐ.சி.க்கு வந்த கம்ப்யூட்டரை இறக்கவிடாமல் கல்கத்தாவில் ஊழியர்கள் கட்டடத்தையே காவல் காத்தார்கள். "கல்கத்தா எதுக்குப்பா? சித்தப்பாவையும் மாமாவையும் கேட்டா போதாதா?" என்றாள். வினை அங்கே ஆரம்பித்தது.

என் தம்பிக்கு அட்டை அடிக்கிற தொழில். கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவைப் பார்த்து, தறியின் ஜக்கார்டு பெட்டிக்கான அட்டையில் ஓட்டை போடுவான். ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. என் மச்சான் ஆரணியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். எலெக்ட்ரானிக் ஜக்கார்டில் பென் டிரைவைச் செருகினால் முந்தானை முழுக்க மயில் வந்துவிடும், அட்டையே வேண்டாம். இருவரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

மகள் நோட்டை விரித்து வாசித்தாள். அட்டை வைத்த தறியை பிரான்சில் ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்தார். அவருக்கு முன்பே பூஷோனும் ஃபால்கோனும் ஓட்டைத் தாளையும் அட்டையையும் வைத்து நெய்துபார்த்திருக்கிறார்கள். ("அப்ப பேரு மட்டும் இவருக்கா?" என்றார் அப்பா. தறிக்காரருக்கு இந்த வலி தனியாகத் தெரியும்.) ஜக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டை வைத்துப் பட்டில் நெய்தார்கள். தன் கணக்கு இயந்திரத்துக்கும் அதே அட்டை முறையை எடுத்துக்கொண்ட சார்லஸ் பாபேஜ், அதில் ஒன்றை வாங்கிவைத்திருந்தார். 1890-ல் அமெரிக்கா மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவரின் ஓட்டை அட்டைகளை வைத்து எண்ணியது. ஐ.பி.எம். அந்த வழியில் வந்த கம்பெனி.

"24,000 அட்டையா? கூலி என்ன குடுத்தான்?" என்றான் தம்பி. அதுதான் அசல் ஆய்வுக் கேள்வி. விடை நோட்டில் இல்லை.

மச்சான் சமாதானமாகத்தான் பேசினான்: "பாத்தியா, உன் அட்டையிலேர்ந்துதான் கம்ப்யூட்டரே பொறந்திருக்கு. பெருமைப்படு."

"பொறந்தது பெத்தவன் சோத்துலயே மண்ணள்ளிப் போட்டுடுச்சே மச்சான்!"

பிறகு ரசம் ஆறியது. போனில் காட்டுகிற டிசைனை வாரக் கடைசிக்குள் கேட்கிற முதலாளியிடம் அட்டை அடித்து முடியட்டும் என்று சொல்ல முடியுமா என்றான் மச்சான். கரண்ட் போனால் உன் மயில் பறந்துபோகுமே, என் அட்டை பரணில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்றான் தம்பி. இரண்டும் உண்மை. ஒரே ஒரு இடத்தில் ஒற்றுமை வந்தது: விசைத்தறிக்காரன்தான் குற்றவாளி. 1985-ல் கைத்தறிக்கென்று 22 ரகங்களை ஒதுக்கச் சட்டம் வந்து, பிறகு அது 11 ஆகச் சுருங்கியதை இருவரும் சேர்ந்தே திட்டினார்கள்.

மூன்றாவது தரப்பு என் அப்பா. "அட்டைல பூ வந்தாலும் டப்பால பூ வந்தாலும் நாடாவ அடிக்கிறது நான்தான். பூ மாறுது, கூலி மாறல. இத எந்தப் பக்கத்துல எழுதுவ?"

இரண்டு தரப்புதான் எழுத வேண்டும், பக்க அளவு உண்டு என்றாள் பேத்தி. என்னைக் கேட்டால் அவர் சொன்னதுதான் கட்டுரை. மற்ற இரண்டும் அடிக்குறிப்பு. என்னை யாரும் கேட்கவில்லை.

எழுதி முடித்தாள். டீச்சருக்குப் பிடித்தும் இருந்தது. நேர்காணல் கொடுத்தவர்களின் கையெழுத்தைப் பின்னிணைப்பில் வாங்கி வரச் சொன்னார். மச்சான் போட்ட கையெழுத்துக்குக் கீழே போட மாட்டேன் என்கிறான் தம்பி. பக்கத்தில் போடு என்றால், வலது பக்கம் யாருக்கு என்கிறான் மச்சான். ஆளுக்கொரு தாள் அடித்தாகிவிட்டது: பின்னிணைப்பு (அ), பின்னிணைப்பு (ஆ). யார் (அ) என்று பேச்சுவார்த்தை நடக்கிறது. கட்டுரை கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.