சாரலும் சாக்கு விரிப்பும்

வீரகேரளம்புதூர்ப் பக்கம் தெருவோரம் காய்கறிக் கடை போடப் பெரிய முதலீடு வேண்டாம்: நாலு சாக்கு, ஒரு தராசு, ஒரு தார்ப்பாய், வற்றாத பொறுமை. இதில் தார்ப்பாய்க்குத்தான் வேலை அதிகம். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்றோடு இங்கேயும் எட்டிப் பார்க்கும். அருவிக்கரையில் அதற்குப் பெயர் சீசன். தக்காளிக் கூடைமேல் விழுந்தால் நஷ்டம்.

தக்காளி விலை ஏறினால் வாங்குகிறவர் முறைப்பார். இறங்கினால் விளைவித்தவர் முறைப்பார். ஏறினாலும் இறங்கினாலும் மாறாதது கொசுறு ஒன்றுதான். ஏசி கடையில் ஒட்டியிருக்கும் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறவர், இங்கே கால் கிலோ கத்தரிக்காய்க்கு, "என்ன அண்ணாச்சி, கறிவேப்பிலையோட மல்லித்தழையும் கொஞ்சம் வைங்க" என்பார்.

தெரு வியாபாரிகளைக் காக்க 2014-இல் தனிச் சட்டமே வந்தது. நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத இடம். நல்ல சட்டம்தான், ஆனால் நகர்ப்புறத்துக்கு மட்டும். கிராமத்து வியாபாரி அந்த உரிமையைப் பஸ் ஏறிப் போய்த்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.

சாரலுக்கு மட்டும் நகரம், கிராமம் என்ற பாகுபாடே கிடையாது.