அசுரன் யோக்கியன்

ஆயிரம் வருடங்களுக்கு முன், இச்சிஜோ சக்கரவர்த்தி காலத்தில், கியோட்டோவில் இளம்பெண்கள் வரிசையாகக் காணாமல் போனார்கள். பெரிய இடத்துப் பெண் ஒருத்தியும் போன பிறகுதான் அரண்மனைக்குத் தூக்கம் கலைந்தது. ஆஸ்தான ஜோசியர் அபே நோ செய்மெய் கணித்துச் சொன்னார்: ஓஎ மலையில் ஷூட்டென் டோஜி என்றொரு அசுரன் இருக்கிறான். மொடாக்குடியன். தொட்டுக்கொள்ள நரமாமிசம்.

அவனை ஒழிக்கப் புறப்பட்டவர் மினாமோட்டோ நோ யோரிமிட்சு. ஊர் வாயில் ராய்கோ. கூடவே நாலு தளபதிகள். சின்ன வயதில் கரடியோடு குஸ்தி போட்ட கின்டோக்கியும் அதில் ஒருவன். படக்கதையில் சாமுராய் என்றால் பெயர், குலம், பாட்டன் பெருமை எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வாளை உருவுவான். ராய்கோ சாமியார் வேஷம் போட்டார். கவசத்தை முதுகுப்பெட்டியில் திணித்துக்கொண்டு, "வழி தவறிட்டோம் சாமி, ராத்திரி மட்டும் தங்கிக்கலாமா?" என்று அசுரன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

வழியில் மூன்று தெய்வங்கள் கிழவர்களாக வந்து சாகே கொடுத்திருந்தன. மனிதன் குடித்தால் மருந்து, அசுரன் குடித்தால் மட்டை. சரக்கில் கலப்படத்தைத் தொடங்கி வைத்தது தெய்வமே என்று தெரிகிறது.

அசுரனுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்க ரத்தத்தையும் மனித மாமிசத்தையும் பரிமாறினான். ராய்கோ முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, பலே ருசி என்றும் பாராட்டினார். யாரைத் தின்னும் குற்றத்துக்காக யாரைக் கொல்லப் போனோம் என்று அந்தப் பந்தியில் ஒருவரும் கேட்கவில்லை. அசுரன் நெகிழ்ந்துபோய், குடித்தபடியே சொந்தக் கதை, சோகக் கதை எல்லாம் சொன்னான். ஹியெய் மலையில் நிம்மதியாக இருந்தவனைக் கோயில் கட்ட வந்த துறவி விரட்டிவிட்டாராம். சொல்லி முடித்துச் சாய்ந்தான்.

தூங்குகிறவனின் கைகால்களைத் தெய்வங்கள் சங்கிலியால் தூணில் கட்ட, ராய்கோ வீரத்தோடு கழுத்தை வெட்டினார். வெட்டுப்பட்ட தலை, அசுரர்கள் இப்படி ஏமாற்றுவதில்லை என்று திட்டிவிட்டு எகிறி வந்து அவர் மண்டையைக் கடித்தது. இரண்டு தலைக்கவசம் போட்டிருந்ததால் பிழைத்தார். வீரம் ஒன்று, முன்ஜாக்கிரதை இரண்டு!

வெட்டியதாகச் சொல்லப்படும் வாள் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. நிஜ ராய்கோவோ மாகாண ஆளுநர் வேலையில் நன்றாகச் சம்பாதித்தவர். ஆட்சியை ஆட்டிவைத்த புஜிவாரா மிச்சினாகா எரிந்துபோன தன் மாளிகையை 1018இல் திரும்பக் கட்டியபோது, உள்ளே வேண்டிய சாமான் அத்தனையையும் ராய்கோ தன் செலவில் இறக்கினார். அந்த ஊர்வலத்தை ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. அக்கால அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பில் இது விலாவாரியாக இருக்கிறது. அசுரன் வதம்? அது ஓவியச்சுருளில் ஏறுவதற்குள் ராய்கோ செத்து முந்நூறு வருடம் ஆகிவிட்டது.