ஓலைக் கைக்கடிகாரம்

கேள்வி: பெருநாளுக்கு உம்மம்மாவுக்குத் தன் கையாலேயே பரிசு செய்து கொடுக்க வேண்டுமென்கிறாள் என் 5 வயது மகள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், நுரைச்சோலை

பதில்: கடலும் தென்னையும் பக்கத்தில் இருக்கக் கடை எதற்கு? கரையில் வட்டத் துளையுள்ள வெற்றுச் சிப்பிகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் ஊனுண்ணும் கடல்நத்தை இரைக்காகப் போட்ட துளை. உங்களுக்குத் துளையிடும் வேலை மிச்சம்! கழுவிக் காயவைத்து நூலில் கோத்தால் மாலை தயார். தென்னோலையில் ஈர்க்கை நீங்கள் உரித்துக் கொடுங்கள். அவள் மடித்துப் பின்னினால் கைக்கடிகாரம். வீட்டில் 3 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் சிப்பிகளைக் கைக்கெட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து. கோணலாக வந்தாலும் திருத்தாதீர்கள். அந்தக் கடிகாரம் ஓடாது. ஆனால் உம்மம்மா அதைக் கழற்றவே மாட்டார்.