இன்னொரு பார்ட்டி: இருப்பும் இன்மையும்

சென்னைப் புறநகரில் வீடு வாங்கப் புறப்பட்ட எவரும் இரண்டாம் நாளே ஒருவரைப் பற்றிக் கேள்விப்படுகிறார். 'இன்னொரு பார்ட்டி' என்று பெயர். ஊர், குலம், தொழில் எதுவும் துலங்காத இந்தப் பெரியவரைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய மூன்று ஊர்களில் பதினான்கு மாதங்களில் முப்பத்தொரு வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவன் என்ற தகுதியில் அக்குறையைப் போக்க முற்படுகிறேன். பதினேழாம் வீட்டு வாசலில் செருப்பு மாறிப்போனதை ஆய்வுச் செலவில் சேர்க்கவில்லை.

முதலில் இலக்கணம். 'பார்ட்டி' என்ற சொல் புரோக்கர் வழக்கில் மனிதரைத்தான் குறிக்கிறது. ஆனால் அது கொள்ளும் வினைமுற்றைப் பாருங்கள்: "காலைல இன்னொரு பார்ட்டி வந்துச்சு சார், பார்த்துச்சு, அதுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு, சாயந்தரம் டோக்கன் தர்றேன்னு சொல்லியிருக்கு." பொருளால் உயர்திணை, முடிபால் அஃறிணை. தொல்காப்பியர் இன்றிருந்தால் திணைப் பாகுபாட்டில் இதற்கென ஒரு நூற்பா ஒதுக்கியிருப்பார். காசைக் கொடுத்த பிறகு நாம் 'சார்' ஆகிவிடுகிறோம். கொடுக்காத வரைக்கும் அடுத்த வாடிக்கையாளரிடம் நாமும் 'வந்துச்சு, பார்த்துச்சு'தான்.

இனி இருப்பை நிறுவ வேண்டும். நம் முன்னோர் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் வகுத்தார்கள். காண்டல் அளவையால் இன்னொரு பார்ட்டி கிட்டவில்லை. அவர் எப்போதும் நமக்கு முன்னால் வந்து போயிருப்பார், அல்லது நாம் போன பிறகு வருவார். கருதல் அளவைக்கு ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. இருபத்திரண்டாம் வீட்டு டீப்பாயில் பாதி குடித்த காபி டம்ளர்கள் இரண்டு இருந்தன. தொட்டுப் பார்த்தேன், சூடு. மலையில் புகை கண்டவன் நெருப்பை ஊகிப்பதுபோல் இன்னொரு பார்ட்டியை ஊகித்து, கேட்ட விலையில் ஒரு லட்சத்தை மட்டும் குறைத்துக் கேட்கலாம் என்று முடிவுகட்டினேன். அப்போது வீட்டுக்காரர் ஒரு டம்ளரையும் புரோக்கர் மற்றதையும் எடுத்து, விட்ட இடத்திலிருந்து குடிக்கத் தொடங்கினார்கள். ஆக எஞ்சுவது உரை அளவை ஒன்றே. உரைப்பவர் பற்றற்றவராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. விலையில் சதவீதக் கணக்கில் இரு பக்கமும் கமிஷன் வாங்குபவர் அந்த விதிக்குள் எப்படி வருவார் என்பதைத் தருக்க நூலார் தீர்க்கட்டும்.

நேரில் காணாவிட்டாலும் அவருடைய குணங்களைத் தொகுக்க முடிந்தது. அவர் அமெரிக்காவில் இருக்கிறார். இருந்தும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மாடம்பாக்கம் வந்துவிடுகிறார். தெற்குப் பார்த்த வாசல் அவருக்குப் பொருட்டில்லை. லோன் வேண்டாம், முழுத்தொகையும் ரொக்கம். இந்தக் கடைசிக் குணத்தைக் கேட்டு விற்பவர் மகிழ்ந்து நான் கண்டிருக்கிறேன். அஞ்ச வேண்டியவர் அவர்தான். 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்கு ஈடான அபராதம் வாங்கியவர் தலையில் விழும்.

அதைவிட வியப்பு, அவர் கேள்வியே கேட்பதில்லை. நாங்கள் கேட்போம். ஒன்பதாம் வீட்டில் என் மனைவி (இணை ஆய்வாளர்) சமையலறைக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு வாய் பிடித்துக் குடித்துவிட்டு, "உப்புங்க" என்றாள். பிறகு சிங்க்குக்குக் கீழே இருந்த பிளைவுட் கதவைத் திறந்தாள். அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குப் பொருவிளங்காய் உருண்டைபோல் உப்பியிருந்தது. "2015-ல தண்ணி வந்துச்சா?" என்றேன். "ரோட்லதான் வந்துச்சு. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல," என்றார் வீட்டுக்காரர். கரண்ட் மீட்டர் மட்டும் என் தலைக்கு மேல் புதுப் பலகையில் ஏறியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதை ஊரே பார்த்தது. பக்கத்து ஊர்களில் எந்தத் தெரு தப்பியது என்பதை வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். தெருமுனை இஸ்திரிக்காரர் சொல்வார், சுவரில் கோடு காட்டியும் சொல்வார்.

யூ.டி.எஸ். என்னும் பிரிக்கப்படாத மண்பங்கு பற்றியும் இன்னொரு பார்ட்டி வாய் திறப்பதில்லை. 1,150 சதுர அடி பிளாட் என்பார்கள். அதில் படிக்கட்டு, லிஃப்ட், வாட்ச்மேன் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் நம் பங்கு அடக்கம். உள்ளே கம்பளம் விரிக்கக்கூடிய இடம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு கனைப்பு. மண்ணில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று கேட்டால் இரண்டு கனைப்பு. இருபது வருடக் கட்டடத்தை நாளை இடித்தால் நம் கையில் நிற்பது அந்த மண்பங்கு மட்டுமே. அதனால் பழைய பிளாட்டில் டைல்ஸ் பளபளப்பைவிடப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைத்தான் முதலில் படிக்கிறேன். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் என்னை வறட்டு மனிதன் என்கிறார்கள்.

இங்கே ஆய்வு எதிர்பாராத ஒரு திருப்பத்தைக் காண்கிறது. புரோக்கர் ஓயாமல் பேசும் இன்னொரு பார்ட்டி இல்லை. அவர் ஒருபோதும் பேசாத இன்னொரு பார்ட்டி உண்டு. இருபத்தாறாம் வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. காலமான தகப்பனார் பெயரில் இருந்தது, விற்க வந்தவர் மகன். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தோம், சுத்தம். என் பக்கத்து வழக்கறிஞர் மட்டும் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். அதில் மதுரையில் ஒரு தங்கை இருந்தாள். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. "அவங்களுக்கு நகை போட்டுத்தானே சார் கட்டிக்குடுத்தோம்," என்றார் அண்ணன். தங்கையின் கையெழுத்து எப்போது கிடைக்கும் என்றதற்கு, அவர்கள் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது என்றார்.

வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரம் மட்டுமே ஏறும். பேசாத தங்கை ஏற மாட்டாள், பதியாத ஒப்பந்தமும் ஏறாது. பட்டாவும் அப்படியே, பெயர் இருப்பதாலேயே உரிமை முழுசாகிவிடாது. மூலப் பத்திரத்தின் நகலைக் காட்டி "ஒரிஜினல் லாக்கர்ல இருக்கு" என்றால், யாருடைய லாக்கர் என்று கேளுங்கள். பெரும்பாலும் வங்கியுடையது. டோக்கன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வங்கி வழியாகக் கொடுத்து, பத்திரம் சரியில்லாவிட்டால் பணம் திரும்பும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரியைக் கேட்டதும் எனக்கு நான்கு இடத்தில் இன்னொரு பார்ட்டி உடனடியாகத் தோன்றினார்.

விற்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. எல்லாக் காகிதத்தையும் ஒரே கோப்பில் வைத்து, வந்தவர் கேட்குமுன் நீட்டுபவர் வீடு விற்றுப்போய்விடுகிறது. வாய்வார்த்தையில் இரண்டு லட்சம் கூடச் சொல்பவரைவிட வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தோடு வருபவர் மேல்.

முப்பத்தொன்றாம் வீட்டுக்குச் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே போய்விட்டேன். உள்ளே ஓர் இளம் தம்பதி. பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை. புரோக்கர் என்னைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர, அவர்களைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். கதவு சாத்தவில்லை.

"நான் சொன்னேன்ல, அந்தப் பார்ட்டி. ஸ்டேட்ஸ்ல இருந்து வந்திருக்கு. ஃபுல் கேஷ்."

அந்தப் பையன் திரும்பி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். பதினான்கு மாதமாக நான் யாரைப் பார்க்க முடியாமல் வெறுத்தேனோ, அவர்மேல் எனக்கிருந்த அதே வெறுப்பு. என் சட்டைப் பையில் முந்நூற்றிருபது ரூபாயும் தாம்பரம் கடற்கரை சீசன் டிக்கெட்டும் இருந்தன. நான் மெல்ல நிமிர்ந்து நின்று, மோட்டுவளையைப் பார்த்து, பிடித்திருப்பதுபோல் தலையாட்டினேன்.