தட்டிக்கேட்கப் போனவர்

ராத்திரி பத்து மணிக்கு முன்னால் பார்த்தால் அவர் சாதுவான மனிதர்தான். பேப்பர் படிப்பார், பேரனுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார், பால் பாக்கெட்டுக்காக வாசல் கம்பியில் பை மாட்டுவார். பத்து மணி தாண்டி, தெருக்கோடி வீட்டில் ரேடியோக்காரர் பாக்ஸை ஆன் பண்ணி "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிவிட்டால் போதும், கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவார். "இதை ஒருத்தன்கூடத் தட்டிக்கேக்க மாட்டேன்றானே" என்பார். இப்படிச் சொல்பவர்தான் இன்றைக்குத் தட்டிக்கேட்கப் போகிறார் என்று வீட்டம்மாவுக்குத் தெரியும். கொடியிலிருந்து சட்டையை எடுத்து நாற்காலி மேல் போட்டுவிட்டு அந்த அம்மா படுத்துக்கொள்வார்.

திருக்கோவிலூரில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரும்பாலும் ரிட்டயர்டு வாத்தியார். தப்பினால் தாலுக்கா ஆபீஸிலோ கூட்டுறவு சொசைட்டியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்திலும் தெருவில் சத்தம் இருந்திருக்கும். காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கவலையில் அவர் காதில் அது விழவில்லை. பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு காது கூர்மையாகிவிட்டது.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் சத்தத்துக்குப் பருவம் உண்டு. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வேப்பமரத்தில் குழாய் கட்டுவார்கள். தை, மாசியில் கல்யாண வீடுகள். மற்ற மாதங்களில் நாய்தான் குரைக்கும். இப்போது மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, துபாயிலிருந்து வந்தவருக்கு வரவேற்பு, அவரே திரும்பிப் போகும்போது வழியனுப்பு. எல்லாவற்றையும்விட மோசம் பிறந்தநாள். மற்றதற்கெல்லாம் ஜோசியர் நேரம் குறித்துக் கொடுப்பார். கேக்குக்கு முகூர்த்தம் நள்ளிரவு பன்னிரண்டு. ராகு காலத்தில் துரும்பைக்கூட நகர்த்தாத குடும்பம், அந்த நடுநிசியைப் பற்றி மட்டும் எந்த ஜோசியரிடமும் வாய் திறப்பதில்லை.

கூம்பு வடிவக் குழாய்க்குத் தடை வந்தபோது நம்மவர் மகிழ்ந்தார். அது கொஞ்ச நாள் மகிழ்ச்சி. குழாய் போய் பாக்ஸ் வந்தது. குழாய் காதில்தான் கத்தும். பாக்ஸ் காதைக் கண்டுகொள்ளாமல் நேராக நெஞ்சுக்குப் போகும். அவர் வீட்டுச் சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். தெருக்கோடியில் ஒரு 'தும்' விழுந்தால் அந்த அடுக்கு 'கிணுக்' என்று பதில் சொல்லும். ஒரு முழுப் பாட்டுக்கும் அந்தத் தம்ளர்கள் பிசகாமல் தாளம் போட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேலே இருந்த ஒன்று அங்குலம் அங்குலமாக நகர்ந்து, சரணத்துக்கு வரும்போது கீழே விழுந்தது.

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. திருவிழாக் காலங்களில் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணிவரை சலுகை தரும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. எங்கள் தெருவில் அந்த 15 நாளையும் வீட்டுக்கு வீடு தனித்தனியாக எண்ணிக்கொள்கிறார்கள்.

போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றும் வைத்திருக்கிறார். அதுதான் அவருக்குத் துரோகம் செய்கிறது. விதியில் சொல்லும் டெசிபல், மனிதக் காதின் போக்குக்கு ஏற்பக் கூட்டிக் கழித்துச் சொல்லும் 'ஏ' அளவு. தாழ்ந்த சத்தத்துக்கு அது தாராளமாக ஆடித் தள்ளுபடி தரும். 63 ஹெர்ட்ஸில் மட்டும் 26 டெசிபல் கழிவு. பாக்ஸ் போடும் 'தும் தும்' குடியிருப்பது அந்த வட்டாரத்தில்தான். பாட்டின் வார்த்தைகளையும் நாதஸ்வரத்தையும் சுவர் தடுத்துவிடும், இந்தத் 'தும்'மை மட்டும் உள்ளே விடும். ஆகவே தம்ளர் விழுகிறது, ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, ஆப் ஏதோ ஒரு கண்ணியமான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது. போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் பெரிய சிக்கல். ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்து, மேல்காற்று கொஞ்சம் சூடாக இருந்தால், வானத்துக்குப் போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும். நடுவில் பெண்ணையாறு மல்லாந்து கிடக்கிறது. மாடி உண்டா, மரம் உண்டா? இக்கரையில் போட்ட பாட்டு அரகண்டநல்லூரில் போய்ப் படுக்கும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதில் திருக்கோவிலூர் அதோடு வந்துவிட்டது, அரகண்டநல்லூர் விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. சத்தம் போட்டது ஒரு மாவட்டம், தூக்கம் கெட்டது இன்னொரு மாவட்டம். அக்கரையிலும் ஒரு தட்டிக்கேட்பவர் இருப்பார் அல்லவா, அவர் எந்த கலெக்டருக்கு மனு எழுதுவார் என்று நம்மவர் அடிக்கடி வருத்தப்படுவார்.

போலீஸுக்குப் போன் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். 100-ஐ அழுத்தலாம். "உங்க பேரு? எந்தத் தெரு?" என்பார்கள். அங்கேயே பாதி வீரம் போய்விடும். பெயர் சொன்னால் காலையில் டீக்கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு வணக்கம் வைப்பார்கள். ஜீப் தெருமுனையில் திரும்பும்போது பாக்ஸ் அடங்கும், ஜீப் போனதும் எழுந்துகொள்ளும். வழக்கே போட்டாலும் பொதுத் தொல்லைக்குப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 1000 ரூபாய்வரை அபராதம். பழைய சட்டத்தில் 200தான். பந்தல், பிரியாணி, வெடி என்று எழுதுகிற பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் முடிந்தது.

ஆகவே நேரில்தான் போக வேண்டும். கைலியோடு போனால் சண்டைக்காரன், வேட்டி சட்டையோடு போனால் நியாயஸ்தர் என்பது அவர் கொள்கை. வீட்டுப் படி இறங்கும்போது பேச்சில் உச்ச நீதிமன்றம் இருக்கும். பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது போலீஸ் ஸ்டேஷன் மட்டும் மிஞ்சும். பந்தல் வாசலுக்கு வரும்போது "தம்பி" என்கிற ஒரு சொல்தான் கையில் இருக்கும்.

"வாங்க சார், வாங்க! இவ்ளோ லேட்டாவா வர்றது? டேய், சாருக்கு ஒரு சேர் போடு!"

"இல்லப்பா, நான் வந்தது இன்னான்னா..."

"சாப்ட்டீங்களா சார்?"

தமிழ்நாட்டில் எந்தப் புகாரும் இந்தக் கேள்வியைத் தாண்டி உயிரோடு போனதாகச் சரித்திரம் இல்லை. சாப்பிட்டாச்சு என்றால் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். இல்லை என்றால் இலை வந்துவிடும். நம்மவர் அதையும் தாண்டப் பார்த்தார்.

"சவுண்டு கொஞ்சம்..."

"இன்னா சார்? கேக்கல!"

"சவுண்டு!"

"ஆங்?"

சத்தத்தைப் பற்றிய புகாரைச் சத்தத்தில் சொல்ல முடியாது. அவரும் தொண்டை கிழியக் கத்தினார். சார் ஏதோ சொல்கிறார் என்று பார்த்த வீட்டுக்காரர் மரியாதையாகக் கையைக் காட்ட, ரேடியோக்காரர் பாட்டைச் சட்டென்று நிறுத்த, அந்த நிசப்தத்தில் நம்மவர் குரல் மட்டும் பந்தல் முழுவதும் கேட்டது: "சவுண்டு ஜாஸ்தியா இருக்குது!"

இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். பிறந்தநாள் பையனின் பாட்டி பார்த்தார். நம்மவர் எச்சில் விழுங்கிக்கொண்டு வாக்கியத்தை முடித்தார்: "...நல்லா இருக்குது."

அடுத்த நிமிஷம் மைக்கில் எதிரொலியோடு அறிவிப்பு. "நமது தெருவின் பெரியவர்... பெரியவர்... பெரியவர்... வருகை தந்து வாழ்த்தியமைக்கு நன்றி... நன்றி..." யாரோ ஒரு துண்டைக் கொண்டுவந்து தோளில் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். பாட்டு மறுபடி வந்தது, பழைய சவுண்டில் அல்ல, பெரியவரே பாராட்டிவிட்டாரே.

பிரியாணிக்கு முன்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தபடி இளவட்டங்களைத் திருத்த ஒரு கடைசி முயற்சி செய்தார். எப்போதும் செய்வதுதான். "ஏம்பா, இந்த ஊர்ல ராத்திரி நேரத்துல கூடின மொதல் கூட்டம் எது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கிய இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவுக்குக் குறுகிய இடம். இருட்டில் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்க, பார்த்தால் பெருமாள். விளக்குகூட அவர்கள் பாட்டிலேயே ஏற்றினார்கள். "அக்கம் பக்கத்துல யாராச்சும் முழிச்சாங்களா? அது கூட்டம்!" என்று முடித்தார்.

ஒரு பையன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவங்களும் ராத்திரில பாட்டுதானே சார் போட்டிருக்காங்க? மொத்தம் எத்தினி பாட்டு?" என்றான்.

வாத்தியார் புத்தி, உண்மையைச் சொல்லிவிட்டார். மூன்று திருவந்தாதி, ஒவ்வொன்றிலும் நூறு.

"முந்நூறா! நம்ம லிஸ்ட்ல நாப்பதுதான் சார்."

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வயசாளி ஒருவர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "ஏன் வாத்யாரே, பங்குனியில பாரதக் கூத்துக்கு மொத வரிசையில பாயப் போட்டுக்கினு விடிய விடிய உக்காந்திருப்பியே, அப்ப மத்தளமும் முகவீணையும் யாரையும் எழுப்பலயா?" யோசித்தால், ராத்திரி பத்து மணிவாக்கில் கட்டியங்காரன் வந்து, விடிகிறபோது மங்களம் பாடும் கூத்தும், சட்டப் புத்தகத்தில் இரவு என்று போட்டிருக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நம்மவர் "அது வேற" என்றார். எப்படி வேற என்று கேட்பதற்குள் ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

அவர் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே உண்மையான ஒலிக் கட்டுப்பாட்டு விதி அரசிதழில் இல்லை, மொய் நோட்டில் இருக்கிறது. அவர் பெண் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து மொய் எழுதியிருக்கிறார்கள். பந்தியில் அந்த வீட்டுப் பிள்ளைகள் வாளி தூக்கிச் சாம்பார் பரிமாறியிருக்கிறார்கள். அன்றைக்கும் பாக்ஸ் இருந்தது. அன்றைக்கு யாரும் சட்டை மாட்டிக்கொண்டு வரவில்லை. இன்றைக்கு இவர் கறாராகக் கேட்டுவிட்டால் நாளை மொய் வந்துவிடும், ஆள் வர மாட்டார்கள். அதைவிட அவமானம் இந்த ஊரில் வேறு கிடையாது. சென்னை மாதவரம் பக்கம் ஒரு குடியிருப்போர் சங்கம், பக்கத்துச் சர்ச்சின் டிரம்ஸ், கிடார் சத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை நின்று 2000 ஆகஸ்டில் ஜெயித்தது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது தீர்ப்பு. நம்மவர் அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். அந்தச் சங்கத்தாருக்கு எதிர்த்தரப்பிலிருந்து மொய் பாக்கி ஏதும் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

ஒரு மணிக்கு வீடு திரும்புவார், கையில் வீட்டம்மாவுக்கு பிரியாணிப் பொட்டலத்தோடு. "கேட்டீங்களா?" என்று இருட்டிலிருந்து குரல் வரும். "கேட்டேன், கேட்டேன். குறைச்சிடறேன்னாங்க" என்பார். தம்ளர் அடுக்கு 'கிணுக்' என்னும்.

இப்போது அவர் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரிக்கு ரேடியோ செட் சொல்லியாயிற்று. பத்து மணி அடித்தால் ஒரு நிமிஷம்கூட ஓடக் கூடாது, தெருவுக்கே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று ரேடியோக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். "உங்க மாப்ள பன்னெண்டு வரைக்கும்னு பேசி அட்வான்ஸ் குடுத்துட்டாரு சார். எட்டு பாக்ஸு."

உச்ச நீதிமன்றத்தை எதிர்த்துக்கூட ஒரு மனு போட்டுப் பார்க்கலாம். மாப்பிள்ளையை எதிர்த்து மாமனார் எங்கே போவார்? தெருவில் வீடு வீடாகப் பத்திரிகை வைக்கும்போது, "அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். வருகிற சனிக்கிழமை ராத்திரி. நீங்களும் சட்டை மாட்டிக்கொண்டு வாருங்கள், ஐஸ்கிரீம் உண்டு.